அபராதம் கட்டினால் தூண் திரும்பி வராது

"அபராதம் எவ்வளவு வரும்னு சொல்லுங்க, கட்டிட்டு எடுத்துக்கிறோம்." வீட்டுப் பழைய தூணையோ கதவையோ விக்கிரகத்தையோ வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்த்து, விமான நிலையத்திலோ துறைமுகத்திலோ பெட்டி நின்றுபோனதும், சுங்க வேலை பார்க்கும் எங்களிடம் முதலில் கேட்கப்படுவது இதுதான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று ஊர்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. இந்த வாரமும் ஒன்று வந்தது. ஆகவே இதை எழுதியே தீரவேண்டும்.

கட்டி எடுக்க முடியாது. மற்ற சரக்கு பறிமுதலானால், அதிகாரி சொல்லும் தொகையைக் கட்டி மீட்க வழி உண்டு. நம் ஆட்கள் மனத்தில் இருப்பது அந்த வழிதான். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப்பொக்கிஷங்கள் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. விண்ணப்பத்தின்பேரில் மத்திய அரசே வேறு உத்தரவு போட்டாலொழிய, பொருள் பறிமுதல்தான். அபராதமும் கட்டுவீர்கள், பொருளும் போகும். சுங்கச் சட்டத்தில் மட்டும் பொருளின் மதிப்பைப்போல் மூன்று மடங்கு வரை தண்டம் போடலாம். அது போதாதென்று தொல்பொருள் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் சிறை இருக்கிறது: குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு, கூடவே அபராதம். சிறை அல்லது அபராதம் என்று அங்கே எழுதவில்லை, சிறையும் அபராதமும் என்றுதான் எழுதியிருக்கிறது. ஏற்றுமதிக்கு முயன்றாலே போதும், குற்றம் முழுமையாகிவிடும். "நான் போகலையே, தம்பி மகன் மலேசியா போறப்ப கொடுத்துவிட்டேன்" என்பதும் உதவாது. தானாகவோ தன் பொருட்டு வேறொருவர் மூலமாகவோ என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பாவம், அந்தப் பையனுக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்றே தெரிந்திருக்காது.

அடுத்து வருவது, "எங்க ஐயா காசு போட்டு வாங்கினது, எங்க சொத்து, கேட்க யார்?" உங்கள் சொத்துதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு எழுதிவையுங்கள், யாரும் தடுக்கவில்லை. தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பும் உரிமை மட்டும் மத்திய அரசுக்கும், அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்குமே உண்டு. ஐயா வாங்கிய ரசீது, பாகப்பிரிவினைப் பத்திரம், பங்காளிகளின் கையெழுத்து எல்லாம் நீங்கள் உரிமையாளர் என்பதற்குச் சான்று. அவற்றைக் காட்டி ஏற்றுமதி செய்ய முடியாது. இன்னும் சொன்னால், பொருள் எவ்வளவு பழையது என்பதை அந்தத் தாள்களே காட்டிக்கொடுத்துவிடும்.

தொல்பொருள் என்றால் சாமி சிலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சட்டத்தின் விளக்கத்தில் கட்டடத்திலிருந்து கழற்றி எடுத்த எந்தப் பொருளும் அடக்கம், 100 ஆண்டு ஆகியிருந்தால். செட்டிநாட்டுக்கு இந்த ஒரு வரிதான் முக்கியம். முகப்புத் தூண், வளவுக் (உள்முற்றத்துக்) கற்தூண், கஜலட்சுமி செதுக்கிய வாசல் நிலை, பர்மாத் தேக்குக் கதவு, அதன் பித்தளைக் குமிழ் வரை வரும். 1920-களில் கட்டிய வீடுகள் இப்போது ஒவ்வொன்றாக நூறைத் தொடுகின்றன. போன வருடம் தொல்பொருளாக இல்லாத கதவு இந்த வருடம் தொல்பொருள். வீட்டு வயதை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம். 1935-இல் கட்டிய வீட்டில் அதற்கு முந்தைய வீட்டுக் கதவை மாட்டியிருப்பார்கள். வெளிநாட்டில் செய்த சாமான் என்பதும் விலக்கு ஆகாது. ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதிகளுக்கு, இலக்கிய, வரலாற்று, அறிவியல், கலை மதிப்பு இருந்தால், 75 ஆண்டே போதும்.

பதிவு வேறு, ஏற்றுமதி வேறு. கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு, மரம் ஆகியவற்றில் செதுக்கிய சிற்பங்கள், ஓவியங்கள், சித்திரம் தீட்டிய சுவடிகள் தொல்பொருளாக இருந்தால் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். செதுக்கல் இல்லாத மொட்டைத் தேக்குத் தூணுக்குப் பதிவு தேவையில்லை, ஏற்றுமதித் தடை மட்டும் அதற்கும் உண்டு. பதிவுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு "பர்மிட் இருக்கு சார்" என்கிறார்கள். அது பர்மிட் இல்லை ஐயா. உங்கள் பொருள் தொல்பொருள்தான் என்று அரசு எழுதிக்கொடுத்த தாள் அது. பதியாமல் வைத்திருந்தாலும், பதிந்த பொருளைக் கைமாற்றிவிட்டுத் தெரிவிக்காமல் இருந்தாலும், உரிமம் இல்லாமல் தொல்பொருள் வியாபாரம் செய்தாலும் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொருளும் பறிமுதலாகலாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்கி அனுப்ப நினைப்பவர்களுக்கு: கடைக்காரர் பில்லில் "நூறு வருஷப் பழசு" என்று பெருமையாக எழுதிக்கொடுத்தால் வாங்காதீர்கள், அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. பழசு போலச் செய்த புதுச் சாமான் என்றால், இந்தியத் தொல்லியல் துறையின் நிபுணர் குழுவிடம் பொருளையும் படங்களையும் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்குங்கள். பெட்டி கட்டும் முன்பு வாங்குங்கள், ஆணியடித்த பிறகு வந்து நிற்காதீர்கள். ஒவ்வொரு பொருளையும் முன், பின், இரு பக்கம், அடிப்பாகம் என்று படம் எடுத்து, உயரம், அகலத்தைச் சென்டிமீட்டரில் குறியுங்கள். படமும் பொருளும் பொருந்தாவிட்டால் சான்று இருந்தும் பெட்டி நிற்கும். தொல்பொருளா இல்லையா என்று தகராறு வந்தால் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரின் முடிவே இறுதி, என்னைப்போன்றவர்கள் வாதாடி மாற்ற முடியாது.

தந்தச் சிமிழ், தந்தப்பிடி வைத்த கைத்தடி இருந்தால் நூறு வருடக் கணக்கையே மறந்துவிடுங்கள். யானைத் தந்தத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. விற்கவே கூடாது, வயது எதுவானாலும். அங்கே தண்டனை 3 ஆண்டில் தொடங்கி 7 ஆண்டு வரை போகும்.

ஆச்சிமார்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து வந்து கிளம்பும்போது, பூஜை அறையிலிருந்து சின்ன விளக்கு, குட்டி விக்கிரகம் என்று துணிக்குள் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். எவ்வளவு துணி சுற்றினாலும் ஸ்கேனரில் உலோகம் தெரியும். ஆசைப்பட்டால் புதுசாக வார்த்த விளக்கு ஒன்றை, வாங்கிய தேதியோடு பில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள்.