பக்லாவாவுக்காக மாத்திரையைக் கூட்டிப் போடாதீர்கள்

"விருந்துதானே டாக்டர், அதான் சர்க்கரை மாத்திரை ஒண்ணு சேர்த்துப் போட்டுக்கிட்டேன்." கல்யாண சீசனில் கேட்டுக் கேட்டு அலுத்த வசனம் இது. இப்போது விமானம் ஏறித் துருக்கி வரை போய்விட்டது.

போன வாரம் வந்தவர் ஜூனில் நண்பர்களோடு துருக்கியின் கப்படோக்கியா பகுதிக்குப் போயிருக்கிறார். பகலெல்லாம் அங்குள்ள கொரெமே பள்ளத்தாக்குகளில் ஏறி இறங்கி நடை. மாலையில், நண்பர் ஒருவருக்குப் பழக்கமான குடும்பம் அருகிலுள்ள கய்செரி நகரில் விருந்துக்கு அழைத்திருந்தது. வாசலில் ஷூவைக் கழற்றியதும் வீட்டுக்குள் போட வேறு செருப்பு, உள்ளங்கையில் எலுமிச்சை வாசனையோடு கொலோன்யா என்ற வாசனைத் திரவம், பிறகு தேநீர். அடுப்படியில் மன்டி தயாராகிறது. பூண்டுத் தயிரும் உருக்கிய வெண்ணெயும் ஊற்றித் தரும் குட்டிக் கொழுக்கட்டை. ஒரு கரண்டியில் நாற்பது அடங்க வேண்டும் என்பது அந்த ஊர்ப் பெருமை. பாகில் ஊறிய பக்லாவா இனிப்பும் உண்டு என்று தெரிந்து, நம்மவர் ஆறு மணிக்கே கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை இரண்டு போட்டுவிட்டார். அங்கே ஜூனில் பொழுது சாயவே எட்டு மணி தாண்டும். சாப்பாடு ஒன்பதுக்கு.

எட்டரைக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, சோபாவில் சாய்ந்துவிட்டார். அலைச்சல் என்று வீட்டம்மா நெற்றியில் கொலோன்யா தடவுகிறார். மாரடைப்போ என்று நண்பர்கள் கையைப் பிசைகிறார்கள். அவர் முன்னாலேயே தேநீர்த் தட்டில் சர்க்கரைக் கட்டிகள்! சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆம்புலன்ஸ் வந்து குளுக்கோஸ் ஏற்றியபின்தான் கண் விழித்தார்.

எத்தனை முறைதான் சொல்வது? மாத்திரை நீங்கள் தின்ற இனிப்பைத் தேடிப் பிடித்துக் கரைப்பதில்லை. கிளிமிபிரைடு கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கும். சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது கேட்காது. பக்லாவா ஏற்றும் சர்க்கரை சில மணி நேர விவகாரம். மாத்திரையின் வேலையோ ஒரு நாள் நீளும். விருந்து முடிந்து எல்லோரும் தூங்கியபின், விடிகாலை மூன்று மணிக்கும் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டுதான் இருக்கும். அன்றைக்குப் பார்த்து நிறைய நடந்திருந்தால் இன்னும் மோசம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி இறங்குவது அபூர்வம். அதற்காக அதை இரட்டிப்பாக்கினால் வயிறு கலங்குவதுதான் மிச்சம். இனிப்பு தின்று ஒரு நாள் சர்க்கரை அளவு 250க்குப் போனால் ஊருக்கு வந்து சரிசெய்துகொள்ளலாம். 40க்கு இறங்கினால் ஊருக்கு வர ஆள் இருக்க வேண்டுமே!

"மறுத்தால் அவர்கள் மனசு நோகுமே" என்பார்கள். சர்க்கரை நோய் துருக்கியிலும் வீட்டுக்கு வீடு தெரிந்ததுதான். முந்தின நாளே சொல்லிவிட்டால் உங்களுக்கென்று ஒரு தட்டு தனியாக வரும். அங்கே தேநீரில் பாலும் கிடையாது, கலந்த சர்க்கரையும் கிடையாது. கட்டியைத் தொடாமல் விட்டால் போதும். கிளாஸ் காலியானால் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். போதுமென்றால் கரண்டியைக் கிளாஸின் மேல் குறுக்கே வைத்துவிடுங்கள், புரிந்துகொள்வார்கள். காலை உணவில் ஆலிவ், சீஸ், வெள்ளரி, தக்காளி, முட்டையெல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். தேன், ஜாம் பக்கம் போகாதீர்கள். பக்லாவாவா? ஒரே ஒரு சின்னத் துண்டு, ரசித்துச் சாப்பிடுங்கள்.

மாத்திரை சாப்பாடு கண்ணில் பட்டபின் போடுங்கள், அளவு எப்போதும் போல. இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் உறைந்து வீணாகலாம். சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

தயவுசெய்து, கூட வரும் நண்பர்களிடம் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்லுங்கள். இதில் என்ன வெட்கம்?

நண்பர்களுக்கும் சொல்கிறேன். வியர்வை, நடுக்கம், குழறல் என்றால் உடனே நான்கைந்து சர்க்கரைக் கட்டி கொடுங்கள், கால்மணி கழித்துச் சோதியுங்கள். பக்லாவா ஊட்டாதீர்கள், அதிலுள்ள நெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாதவர் வாயில் எதையும் போடாதீர்கள், அங்குள்ள அவசர எண் 112ஐ அழையுங்கள். தெளிந்ததும் "ஒண்ணுமில்லை" என்று ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்விடாதீர்கள். மாத்திரை உள்ளே இருக்கும்வரை மறுபடி இறங்கும், அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும்.