களைத்து இறங்கியவற்றை எண்ணும் தீவு

ஜெர்மனியின் கரையிலிருந்து ஏறக்குறைய 50 கி.மீ. தொலைவில், வட கடலின் நடுவே ஹெல்கோலாந்து என்னும் சிவந்த மணற்பாறைத் தீவு நிற்கிறது. முதன்மைத் தீவின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர் அளவுதான். ஆனாலும் 400க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்கே பதிவாகியுள்ளன. குளிர்காலத்தை ஆப்பிரிக்காவிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் கழித்துவிட்டு, வசந்தத்தில் ஸ்காண்டிநேவியாவை நோக்கி இரவில் வலசை போகும் சிறு பறவைகளின் வழியில் இத்தீவு அமைந்திருக்கிறது.

வழியில் இருப்பதனாலேயே பறவைகள் இறங்கிவிடுவதில்லை. வானம் தெளிந்து, காற்றும் பின்னிருந்து வீசும் இரவில் அவை உயரத்தில் கடந்து போய்விடும். விடிந்து பார்த்தால் புதர்கள் வெறிச்சோடிக் கிடக்கும். பாதிக் கடலில் மழையோ மூடுபனியோ எதிர்காற்றோ குறுக்கிட்டால்தான், கலங்கரை விளக்கத்தின் ஒளியைச் சுற்றித் தடுமாறிய பூங்குருவிகளும் கதிர்க்குருவிகளும் தரையெங்கும் அமர்ந்திருக்கும். ஆகவே தீவின் பதிவேட்டில் ஏறுபவை கடந்து போனவை அல்ல, இறங்க நேர்ந்தவை மட்டுமே.

இந்த வேறுபாட்டைக் கவனியாமல் ஒரு பெரிய மனிதரே சறுக்கியிருக்கிறார். 1837இல் இங்கு வந்து குடியேறிய ஓவியர் ஹைன்ரிக் கேட்கே, அரை நூற்றாண்டுக்கு மேல் தீவின் பறவைகளைக் குறித்து வைத்தவர். தொண்டையில் நீலம் பளிச்சிடும் புளூத்ரோட் என்ற சிறு பறவை, எகிப்துப் பக்கத்திலிருந்து ஒரே இரவில் ஹெல்கோலாந்து வந்து சேர்வதாக அவர் முடிவு கட்டினார். இடைப்பட்ட நாடுகளில் வசந்தத்தில் அதைக் கண்டதாகப் போதிய செய்தி இல்லை என்பதே அவருடைய வாதம். கண்ணில் படாதது அங்கே இல்லை என்று கொண்டதால் வந்த பிழை அது. அவருடைய உழைப்பை இதனால் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஒரே இனத்துப் பறவைகளில் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறியும் வழி அவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த வழியை 1899இல் டென்மார்க்கின் ஆசிரியர் மோர்டென்சன் காட்டினார். எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை அவர் மைனா குடும்பத்து ஸ்டார்லிங் பறவைகளின் கால்களில் மாட்டினார். 1910இல் ஹெல்கோலாந்தில் பறவை ஆய்வு நிலையம் தொடங்கியபோது வளையமிடுதலும் அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. ஆனால் வளையம் மாட்டப் பறவை கையில் கிடைக்க வேண்டுமே! மரமற்ற அப்பாறையில் கிளைகளை நட்டுச் செயற்கைப் புதர் அமைத்து, அதில் ஒதுங்கும் பூங்குருவிகளை உணவுக்காக வலையில் சிக்கவைப்பது தீவினரின் பழைய வழக்கம். நிலையத்தின் ஹூகோ வைகோல்ட் அதையே திருத்தி, உயிருக்குச் சேதமில்லாத பொறியாக்கினார்.

ஹெல்கோலாந்துப் பொறி என்று இன்று உலகெங்கும் வழங்கும் அது, உயிருள்ள புதர்களின் மேல் கம்பிவலையால் வேய்ந்த பெரிய புனல். வாய் பல மீட்டர் அகலம். உள்ளே போகப் போகக் குறுகி, ஒரு வளைவில் திரும்பி, கண்ணாடி பதித்த பெட்டியில் முடியும். பணியாளர் வாயிலிருந்து மெல்ல நடந்து வர, பறவை பதறாமல் புதருக்குப் புதர் தாவி முன்னே போகும். வளைவைத் தாண்டியதும் கண்ணாடியின் வெளிச்சத்தைத் திறந்த வெளியென்று நம்பிப் பெட்டிக்குள் புகுந்துவிடும்.

அதன்பின் எல்லாம் சில நிமிட வேலை. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து இருக்க, முதுகு உள்ளங்கையில் படியப் பறவையைப் பிடிப்பார்கள். அதற்கென்றே செய்த இடுக்கியால் வளையத்தை மூடி, அது காலில் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்ப்பார்கள். சிறகின் நீளத்தை அளந்தபின், மார்பு இறகுகளை வாயால் ஊதி விலக்கினால், காறையெலும்பின் குழியில் மெல்லிய தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். குழி நிறைந்திருந்தால் அடுத்த இரவே கிளம்பக்கூடும். ஒட்டிக் கிடந்தால் முதலில் இரை தேடியாக வேண்டும். இறகின் தேய்மானம், அது போன கோடையில் பிறந்ததா மூத்ததா என்பதைச் சொல்லும். பல இனங்களில் ஆண்களே முதலில் வந்து சேர்கின்றன என்பதும் இத்தகைய பதிவுகளில் தெளிவாகத் தெரிகிறது.

வளையமிட்ட சிறு பறவைகளில் மீண்டும் எங்கேனும் கண்டெடுக்கப்படுபவை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆகவே, தொலைவில் கிடைக்கும் ஒற்றை வளையத்தைவிட, அன்றாடம் மாறாமல் தொடரும் பிடிப்பின் எண்ணிக்கையையே நான் பெரிதாகக் கருதுவேன். புதர் ஓங்கி வளர்ந்தால்கூட அகப்படும் பறவைகள் கூடிவிடும், அல்லது குறைந்துவிடும். பிறகு மாறியது பறவையா, தோட்டமா என்று பிரிக்க முடியாது. அதனால் பொறிகளும், நடக்கும் முறையும், இயன்றவரை புதர்களும் அப்படியே இருக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் குண்டுவீச்சால் சிதைந்து, 1952இல்தான் ஜெர்மனியிடம் திரும்பிய அத்தீவில், 1960 முதல் இம்முறை சீராகத் தொடர்கிறது. மூடுபனி சூழ்ந்த ஓர் இரவு அந்த ஆண்டின் எண்ணிக்கையை ஏற்றிவிடலாம். ஆண்டுதோறும் கணக்கிட்ட சராசரி வருகைத் தேதி நாற்பது ஆண்டுகளில் காட்டும் போக்கை அது அசைக்காது. அந்தப் போக்கைக் கணக்கிட்டபோது, பெரும்பாலான இனங்களின் வசந்த வலசை சில நாட்கள் முன்னதாக நகர்ந்திருந்தது. அட்லாண்டிக் காற்று மேற்கிலிருந்து வெம்மையைக் கொண்டுவந்த ஆண்டுகளில் அவை இன்னும் முந்தி வந்திருந்தன.