தேடுதல் ஆணை: ‘சோதனை’க்குள் அடங்காத ஒரு சொல்

மலாயில் ‘வாரான் கெலெடா’. கோலாலம்பூர்த் தமிழர் பேச்சில் ‘சர்ச் வாரண்ட்’. எழுத்தில் ‘சோதனை வாரண்டு’ என்றும் ‘சோதனை ஆணை’ என்றும் பார்க்கலாம். ஓரிடத்துக்குள் நுழைந்து இன்ன பொருளையோ ஆவணத்தையோ தேடலாம் என்று மாஜிஸ்திரேட் எழுத்தில் தரும் அனுமதிதான் அது. இதற்கு ‘தேடுதல் ஆணை’ என்பதே பொருத்தமான தமிழ் என்பது என் கருத்து. ‘சோதனை’ என்ற ஒரு சொல்லுக்குள் நாம் பல வேறு காரியங்களைத் திணித்து வைத்திருக்கிறோம். வாசலில் போலீஸ் வந்து நிற்கும்போது எதற்குத் தலையாட்டுகிறோம், எதைக் கேட்டுப் பெறலாம் என்பது அதனால் நமக்கே தெரியாமல் போகிறது.

ஐசி என்னும் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாலும் ‘சோதனை’. சாலைத் தடுப்பில் காரின் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னாலும் ‘சோதனை’. செந்தூல் அடுக்குமாடி வீட்டில் அலமாரியைக் கிளறினாலும், லோக்கப்பில் ஆடையைக் களையச் சொன்னாலும் அதே சொல். மலாய்ச் சட்டமொழி இவற்றைப் பிரித்துத்தான் பேசுகிறது. சரிபார்ப்பது ‘பெமெரிக்சாஆன்’, தேடுவது ‘பெங்கெலெடாஹான்’, பொருளை எடுத்துப்போவது ‘ரம்பாசான்’, நீதிமன்றம் அதை உரியவரிடமிருந்து நிரந்தரமாக நீக்குவது ‘பெலுச்சுத்ஹாக்கான்’. நம்மிடம் இந்த நான்குக்கும் சொல் இல்லாமல் இல்லை. சரிபார்ப்பு, தேடுதல், கைப்பற்றுதல், பறிமுதல் எல்லாமே புழக்கத்தில் உள்ளவைதான். சரியான இடத்தில் வைத்துப் பழகவில்லை, அவ்வளவுதான்.

‘சோதனை’ வடமொழி ‘சோதன’ என்பதிலிருந்து வந்தது. ‘சுத்தம்’ பிறந்த அதே வேர். தூய்மையாக்குதல், மாசு இருக்கிறதா என்று பார்த்தல் என்பது அதன் முதற்பொருள். பிறகு தரம் பார்ப்பது, பரீட்சித்துப் பார்ப்பது என்று விரிந்து, கடவுள் தரும் துன்பம்வரை போய்விட்டது. ‘ஐயோ, என்ன சோதனை இது’ என்கிறோமே, அதுவும் இதே சொல்தான். ஆக, ஒருவர் வீட்டில் சோதனை என்றாலே அந்த வீட்டாரின் நேர்மை பரீட்சைக்கு வந்துவிட்டது போன்ற தொனி ஒட்டிக்கொள்கிறது. சட்டத்தின் பார்வையில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு பொருள் இங்கே இருக்கலாம் என்று நம்பக் காரணம் இருக்கிறது, அதனால் தேடுகிறார்கள். குற்றமே செய்யாதவர் வீட்டிலும் தேடலாம். அவரிடம் இருக்கும் ஓர் ஆவணம் வேறொருவர் வழக்குக்குத் தேவைப்படலாம்.

‘தேடு’ நம் சொல். காணாததை நாடுவது, முயன்று ஈட்டுவது என்று இரண்டு பொருளும் அதற்கு உண்டு. ஈட்டிய செல்வத்தைத் ‘தேட்டம்’ என்பது அதனால்தான். மலாயின் ‘கெலெடா’வுக்கு மூலைமுடுக்கெல்லாம் துருவிப் பார்த்தல் என்ற அழுத்தம் கூடுதல். ‘துழாவுதல்’ இன்னும் நெருங்கிவரும். ஆனால் நீதிமன்றத் தாளில் ‘துழாவல் ஆணை’ என்று யார் எழுதுவார்கள்? ‘தேடுதல்’ போதும்.

‘வாரண்ட்’ ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் பின்னால் காப்பு, பாதுகாப்பு என்ற பொருளுள்ள ஜெர்மானியச் சொல் இருக்கிறது. ‘கேரண்டி’ அதன் உடன்பிறப்பு. வாரண்ட் என்பது தொடக்கத்தில் ஓர் உத்தரவாதம்: இந்த வேலையைச் செய்ய இவருக்கு அதிகாரம் உண்டு, அதற்கு நான் பொறுப்பு என்று மேலிருப்பவர் தரும் காப்பு. தமிழில் ‘ஆணை’யும் கட்டளையோடு நிற்பதில்லை. ‘உன்மேல் ஆணை’ என்னும்போது அது சத்தியமாகிறது. கட்டளையும் வாக்குறுதியும் சேர்ந்த அந்தச் சொல் இங்கே அழகாகப் பொருந்துகிறது. கைது வாரண்டுக்குப் ‘பிடியாணை’ என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. தேடுதல் ஆணை அதன் பக்கத்தில் இயல்பாக உட்காரும்.

சரி, அந்தத் தாளில் என்ன இருக்கும்? மலேசியாவில் இதை ஆள்வது 593-ஆம் சட்டமான குற்றவியல் நடைமுறைச் சட்டம். ஆணை எழுத்தில் இருக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தும் நீதிமன்ற முத்திரையும் வேண்டும். ஓரிடத்தின் இன்ன பகுதியில் மட்டும் தேடலாம் என்று மாஜிஸ்திரேட் எல்லை வகுக்கவும் முடியும். வீட்டில் இருப்பவர் வழிவிட வேண்டும், தேடுவதற்கு வசதி செய்து தர வேண்டும். தடுத்தால் பொது ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்ததாகத் தண்டனைச் சட்டம் 186-ஆம் பிரிவு பாயலாம். ஆனால் வழிவிடுவது வேறு, தாளைப் படிக்காமல் இருப்பது வேறு. முகவரி நம்முடையதுதானா, எதைத் தேடுகிறார்கள் என்று பார்க்கக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

‘வாரண்ட் இல்லையென்றால் உள்ளே விடாதே’ என்று நம்மவர்கள் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். இது பாதி உண்மை, அதனால் ஆபத்தானது. ஆணை இல்லாமலே தேடக்கூடிய வழிகள் சட்டத்தில் உண்டு. திருட்டுப் பொருள் ஓரிடத்தில் இருப்பதாகத் தகவல் வந்து, ஆணை வாங்கப் போகும் தாமதத்தில் அது கைமாறிவிடும் என்று நம்ப நல்ல காரணம் இருந்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. புலனாய்வு நடத்தும் அதிகாரி, கேட்டாலும் தரமாட்டார்கள் என்று கருதும் பொருளுக்காக 116-ஆம் பிரிவின்படி தேடலாம். 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்திலும் தாமதத்தைக் காரணம் காட்டித் தேடும் அதிகாரம் இருக்கிறது. குற்றத்துக்குப் பயன்படுவதாக நியாயமான சந்தேகம் எழும் வாகனத்தை நிறுத்தித் தேட 1967-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் அதிகாரம் தருகிறது. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் ‘காரணம்’ என்ற நிபந்தனை வருவதைக் கவனியுங்கள். ஆணை இல்லாத இடத்தில் அதிகாரியின் காரணம்தான் ஆணைக்குப் பதிலாக நிற்கிறது. ஆகவே ‘எந்தக் காரணத்துக்காக?’ என்று பணிவாகக் கேட்பதுதான் கதவை மறிப்பதைவிடப் பயனுள்ள செயல்.

தேட வந்தவர் உண்மையிலேயே போலீஸ்தானா என்பதையும் சரிபார்க்கலாம். சாதாரண உடையில் வருபவர் தமது அதிகார அட்டையைக் காட்ட வேண்டும். மலாயில் ‘காட் குவாசா’. இன்ஸ்பெக்டரும் அவருக்கு மேற்பட்டவர்களும் வைத்திருப்பது நீலம், கீழ்நிலையினர் வைத்திருப்பது மஞ்சள். சிவப்பு அட்டை என்றால் அவர் பணி இடைநீக்கத்தில் இருப்பவர், அவருக்கு அதிகாரம் இல்லை.

உடலைத் தேடுவது பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஓரிடத்தில் தேடுதல் நடக்கும்போது அங்கே இருப்பவர்களை அது முடியும்வரை நிறுத்தி வைக்கலாம். தேடும் பொருள் உடலில் மறைக்கக்கூடியதாக இருந்தால் அவர்களையும் தேடலாம். ஆனால் மாஜிஸ்திரேட் போன்றவர்களோ இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ அதைச் செய்ய வேண்டும், அல்லது உடன் இருக்க வேண்டும். கைதானவரைத் தேடுவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. பெண்ணைத் தேடுவதானால் இன்னொரு பெண்தான் தேட வேண்டும், கண்ணியத்தைக் கண்டிப்பாகக் காத்துத் தேட வேண்டும். 19-ஆம் பிரிவின் இந்த வாசகத்தில் விதிவிலக்கே இல்லை. தேடுவதற்குப் பக்கத்தில் பெண் யாரும் இல்லையென்றால், ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

2005 நவம்பரில் வெளிவந்த ஒரு காணொளி இந்த நாட்டையே உலுக்கியது. பெட்டாலிங் ஜெயா லோக்கப்பில் ஒரு பெண் ஆடையின்றி ‘கெத்துக் கெத்தாம்பி’ போடவைக்கப்பட்டார். தமிழில் அது தோப்புக்கரணம். பிள்ளையார் முன்னால் நாமே விரும்பிக் காதைப் பிடித்துக்கொண்டு போடுவதை, இன்னொருவரின் மானத்தைப் பறிக்கும் கருவியாகக் கண்டபோது எழுந்த கோபம் இன்னும் என்னுள் தணியவில்லை. முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் சைடின் தலைமையில் சுயேச்சை விசாரணை ஆணையம் அமைந்தது. இன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 20ஏ பிரிவும் நான்காம் அட்டவணையும் இருக்கின்றன. ஆடைமேல் தடவிப் பார்ப்பது, ஆடை களைந்து பார்ப்பது, அந்தரங்க உறுப்புகளைப் பார்ப்பது, உடலுக்குள் பார்ப்பது என்று நான்கு நிலைகளாக அது பிரிக்கிறது. நிலை கூடக் கூட அனுமதி தரும் அதிகாரியின் பதவியும் கூடுகிறது. உடலுக்குள் பார்ப்பதை மருத்துவர் போன்ற மருத்துவப் பணியாளர் மட்டுமே செய்யலாம். சட்டமே நான்காகப் பிரித்ததை நாம் ‘உடல் சோதனை’ என்று ஒன்றாக்கிவிடுகிறோம். தடவல் தேடுதல், ஆடைகளைந்த தேடுதல், அந்தரங்கத் தேடுதல், உட்புறத் தேடுதல் என்று சொல்லிப் பழகினால், தன் மகளுக்கு நடந்தது எது, அதற்கு யார் அனுமதி தந்தது என்று ஒரு தாயால் கேட்க முடியும்.

அடுத்தது பட்டியல். கைப்பற்றிய ஒவ்வொரு பொருளும் எந்த இடத்தில் கிடைத்தது என்பதோடு ஒரு பட்டியல் தயாரித்து அதிகாரி கையெழுத்திட வேண்டும் என்கிறது 64-ஆம் பிரிவு. வீட்டில் குடியிருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ தேடுதலின்போது உடனிருக்க அனுமதிக்கப்பட வேண்டும் என்கிறது 65. போலீசார் இந்தத் தாளைச் ‘செனாராய் போங்கார்’ என்பார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையானது ‘மகஜர்’. அரபுச் சொல்லான ‘மஹ்ளர்’ பாரசீகம் வழியாக மகஜராக வந்தது. ‘முன்னிலை’ என்பது அதன் பொருள். இந்தியச் சட்டம் அக்கம்பக்கத்தார் இருவரையாவது சாட்சியாக வைத்துத் தேடச் சொல்கிறது. அவர்கள் முன்னிலையில் எழுதுவது என்பதால் அது மகஜர். நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி வந்ததுதான், ஆனால் இங்கே உடனிருக்கும் உரிமையைக் குடியிருப்பவருக்கே தந்திருக்கிறார்கள். அதோடு மலேசியத் தமிழில் ‘மகஜர்’ வேறு வேலைக்குப் போய்விட்டது. அமைச்சரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் கோரிக்கை மனுதான் நமக்கு மகஜர். எனவே தமிழ்நாட்டு வழக்கை அப்படியே இறக்குமதி செய்தால் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகருக்குக் குழப்பமே மிஞ்சும். ‘கைப்பற்றுப் பட்டியல்’ என்றால் யாருக்கும் புரியும்.

தேடிய முறை தவறு என்றால் வழக்கே விழுந்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அப்படி இல்லை. சாட்சியம் வழக்கோடு தொடர்புடையதாக இருந்தால், அது கிடைத்த விதத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை என்று 1954-இல், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இயங்கிய பிரிவி கவுன்சில் ஒரு கென்ய வழக்கில் சொன்னது. மலேசிய நீதிமன்றங்களும் அதே வழியில் வந்திருக்கின்றன. பட்டியல் இல்லாததால் பொருள் சாட்சியமாகாமல் போவதில்லை. ஆனால் அது எங்கே கிடைத்தது, கிடைத்ததா என்ற கேள்வி எழும்போது அந்தத் தாளுக்கு எடை உண்டு. அதனால்தான் அதை அங்கேயே, அப்போதே வாங்கிவைப்பது இவ்வளவு முக்கியம்.

செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போலீஸ் எடுத்துப்போன மறுநாளே ‘பறிமுதல்’ என்று எழுதாதீர்கள். அது ‘கைப்பற்றியது’ மட்டுமே. கைபேசியோ காரோ இன்னும் உரியவருடையதுதான், திரும்பக் கேட்க வழியும் உண்டு. பறித்த முதல், அதாவது உடைமை நீங்கிய பொருள், நீதிமன்றம் முடிவு செய்த பிறகுதான் அந்தப் பெயருக்கு உரியதாகிறது. ‘பறிமுதல்’ என்று படித்துவிட்டு, போனது போகட்டும் என்று கைவிடுகிற ஏழைகள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. பட்டியலின் நகலைக் குடியிருப்பவர் கேட்டால் தர வேண்டும் என்றுதான் 65-ஆம் பிரிவு சொல்கிறது. கேட்காதவருக்குத் தந்தாக வேண்டும் என்று அதில் இல்லை. கேட்பதற்கான மலாய் வாசகம் இது: ‘எஞ்சே, சாயா மிந்தா சாலினான் செனாராய் போங்கார்.’ ஐயா, கைப்பற்றுப் பட்டியலின் நகல் எனக்கு வேண்டும்.