இனிக்கும் பூசணிக்குப் பயம் வேண்டாம், கசக்கும் பூசணியை வாயில் வைக்க வேண்டாம்

போன மாதம் ஒரு பெரியவர் என் முன்னால் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். சர்க்கரை நோய் என்று தெரிந்து அவருக்கு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சாப்பிடக் கூடாதவை என்று அவரே எழுதி வைத்த பட்டியல் அது. சர்க்கரை, தேன், உருளைக்கிழங்கு என்று வரிசையாகப் போய், கடைசியில் இரண்டு முறை அடிக்கோடு போட்டு ‘பூசணி’ என்று எழுதியிருந்தார்.

“இனிக்குதேம்மா. அப்போ அது சர்க்கரைதானே?” என்றார்.

உணவு ஆலோசகராக நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கொஞ்சம் படித்துவிட்டு வருபவர்கள் இன்னும் உறுதியாகக் கேட்பார்கள்: “பூசணியோட கிளைசெமிக் இண்டெக்ஸ் 75ன்னு போட்டிருக்கே மேடம்?” ஓர் உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் எண் அது, 75 என்றால் அதிகம். ஆமாம், பல அட்டவணைகளில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. 1981ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழு இந்த அளவுமுறையைக் கொண்டுவந்தது. ஓர் உணவில் 50 கிராம் மாவுச்சத்து இருக்கும் அளவுக்குச் சாப்பிடக் கொடுத்து, ரத்தத்தில் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்று பார்ப்பதுதான் வழக்கமான முறை. 100 கிராம் வேகவைத்த பூசணியில் மாவுச்சத்து சுமார் 5 கிராம்தான். 50 கிராம் சேர வேண்டுமென்றால் ஒரே மூச்சில் ஒரு கிலோ பூசணி சாப்பிட வேண்டும். வீட்டில் யார் அப்படிச் சாப்பிடுகிறார்கள்? தட்டில் விழும் நாலைந்து துண்டுக்கு அந்த 75 பெரிதாகப் பொருந்தாது.

இதைக் கேட்டதும் பெரியவர் முகம் தெளிந்தது. உடனே அடுத்த பக்கம் சாய்ந்துவிடக் கூடாதே என்று அவருக்கு இன்னொன்றும் சொன்னேன். பூசணி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் வகைக்கு வகை வித்தியாசம் உண்டு. சாதாரண மஞ்சள் பூசணி வெந்தபின் 100 கிராமுக்கு 20 கலோரி. பட்டர்நட் என்ற பூசணி வகை சுட்டது 40 கலோரி, மாவுச்சத்து 10 கிராம். ஏகார்ன் வகையில் 14 கிராம் வரை போகும். நார்ச்சத்தும் அதில் கூடுதல்தான். வாயில் வைத்தால் மாவாகக் கரையும் வகைகளைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், கிழங்குக்கும் காய்க்கும் நடுவில் வைத்துப் பாருங்கள் என்பேன். தட்டில் அது வந்தால் தானியம் குறைய வேண்டும்.

நான் எல்லோருக்கும் சொல்லும் சமையல் முறையும் இதுதான். தானியத்தில் பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பூசணியைப் போடுங்கள். ஒரு கப் பழுப்பரிசிச் சோற்றில் ஏறக்குறைய 45 முதல் 50 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரை கப் சோறும் அரை கப் பட்டர்நட்டும் என்றால் 35ஐ ஒட்டி வந்துவிடும், மஞ்சள் பூசணி என்றால் 30தான். தட்டு நிறைந்திருக்கும், வயிறும் நிறையும். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. முழுதானியத்தை முதன்முதலாகச் சாப்பிடுபவர்கள் ‘சவசவன்னு இருக்கு, மெல்லவே முடியல’ என்று ஒதுக்குகிறார்களே, அந்தக் குறையைப் பூசணியின் குழைவும் இனிப்பும் தீர்த்துவிடும். பூசணி கலந்து கொடுத்தால் குழந்தைகள்கூட மறுக்காமல் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

செய்முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பலர் தவறுவது இங்கேதான். உமி மட்டும் நீக்கிய பார்லி ஒரு கப். முந்தைய இரவே ஊற வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஆறு கப் தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் போடுங்கள். அளந்து வைத்த தண்ணீர் வற்றும்வரை காத்திருக்க வேண்டாம். நிறைய நீரில் வேகவிட்டு, 40 நிமிடம் கழித்து ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல், பல்லுக்கு லேசாக எதிர்ப்புக் கொடுத்தால் சரி. வடித்துவிடுங்கள். இன்னொரு பக்கம் பூசணியை இரண்டு செண்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டி, 200 டிகிரி செல்சியஸ் அவன் அடுப்பில் 25 முதல் 30 நிமிடம். துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் வியர்த்து வெந்துவிடும், ஓரம் சிவக்காது. இடைவெளி விட்டுப் பரப்புங்கள். அவன் அடுப்பு இல்லையா? அகலமான வாணலியில் மூடி போட்டு முக்கால் வேக்காடு வேகவைத்து, மூடியைத் திறந்து தீயைக் கூட்டிச் சிவக்க விடுங்கள். இரண்டையும் சம அளவில் கலந்து மிளகு, கொஞ்சம் எலுமிச்சை, வறுத்த பூசணி விதை. அவ்வளவுதான். பக்கத்தில் வேகவைத்த பருப்போ முட்டையோ இருந்தால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது.

அந்த ஒரு கரண்டி எண்ணெயை மிச்சம் பிடிக்காதீர்கள். பூசணியின் ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டின், உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் சத்து. அது கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் நன்றாக உறிஞ்சப்படும். உடம்பு எடை குறைக்கிறேன் என்று பூசணியை வெறும் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிடுபவர்களுக்கு அதன் முக்கியமான சத்தில் பெரும்பகுதி போய்ச் சேருவதே இல்லை.

தானியத்துக்கு வருவோம். முழுதானியத்துக்கு மாறி ஒரே வாரத்தில் விட்டுவிட்ட ஓர் அம்மா நினைவுக்கு வருகிறார். திங்கட்கிழமை வீட்டிலிருந்த வெள்ளை மாவு, வெள்ளை அரிசி எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். புதன்கிழமை வயிறு உப்பி, தூக்கமே இல்லை. ‘இது என் உடம்புக்கு ஒத்துக்கல’ என்று முடிவு கட்டிவிட்டார். ஒத்துக்கொள்ளாதது தானியம் இல்லை, வேகம்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று 2023ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பத்து கிராமில் இருப்பவர் இரண்டே நாளில் அங்கே தாவினால் குடலில் இருக்கும் நுண்ணுயிரிகளுக்குப் பழகிக்கொள்ள நேரம் போதாது. முதல் இரண்டு வாரம் ஒரு வேளை மட்டும், அதிலும் பாதி வெள்ளை, பாதி முழுதானியம். தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். அப்புறம் மெல்ல ஏற்றலாம். அந்த அம்மா இப்படித் திரும்பத் தொடங்கியபோது ஒரு தொந்தரவும் இல்லை.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் மிகவும் ஏமாறுகிறோம். ‘பல தானியம்’ என்று பொட்டலத்தில் போட்டிருந்தால் அது முழுதானியம் என்று அர்த்தமில்லை. ஏழு தானியத்தையும் தவிடு போகத் தீட்டி அரைத்தாலும் பெயர் பல தானியம்தான். தவிடு, முளை, நடுவிலுள்ள மாவுப்பகுதி மூன்றும் இருந்தால்தான் முழுதானியம். ரொட்டியின் பழுப்பு நிறத்தையும் நம்பாதீர்கள், கேரமல் நிறமியால் அதைக் கொண்டுவர முடியும். பின்பக்கம் திருப்பி, பொருட்கள் பட்டியலில் முதல் பெயர் ‘முழு’ என்று தொடங்குகிறதா பாருங்கள். பிறகு நூறு கிராமுக்கான மாவுச்சத்தை நார்ச்சத்தால் வகுத்துப் பாருங்கள். பத்து கிராம் மாவுச்சத்துக்கு ஒரு கிராமாவது நார் இருந்தால் அநேகமாக நல்ல பொருள். பளபளவென்று வெள்ளையாக இருக்கும் பார்லி தீட்டியது. ஓட்ஸ் தட்டையாக இருந்தாலும் முழுதானியம்தான்.

பழுப்பரிசி மட்டும்தான் முழுதானியம் என்று தினமும் அதையே சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நெற்பயிர் மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருளை இழுத்துக்கொள்ளும், அதில் நிறையத் தவிட்டில்தான் தங்குகிறது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் கணிசமாகக் குறையும். அதைவிட நல்லது மாற்றி மாற்றிச் சாப்பிடுவது: ஒரு நாள் பார்லி, ஒரு நாள் சோளம், ஒரு நாள் கினோவா. கைக்குழந்தை வீட்டில் இருந்தால் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

இப்போது உண்மையாகவே பயப்பட வேண்டிய இடம்.

பூசணி கசந்தால் துப்பிவிடுங்கள். பாத்திரத்தில் இருப்பது முழுவதையும் கொட்டிவிடுங்கள். ‘இவ்வளவு செலவழிச்சு செஞ்சது’ என்று உப்பும் மிளகும் கூட்டிச் சாப்பிட வேண்டாம். பூசணிக் குடும்பத்துச் செடிகள் தங்களைப் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ளக் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சைச் சுரக்கின்றன. நாம் சாப்பிடும் வகைகளில் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து அந்தக் கசப்பை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டார்கள். ஆனால் அழகுக்கு வளர்க்கும் பூசணியின் மகரந்தம் தோட்டத்துப் பூசணியில் விழுந்து, அந்தக் காயின் விதையை அடுத்த வருடம் நட்டால், பழைய கசப்பு திரும்பிவிடலாம். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் நச்சு போகாது.

2018ல் தோல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் பிரான்ஸைச் சேர்ந்த இரண்டு பெண்களின் நிலை பதிவாகியிருந்தது. ஒருவர் கசந்த பூசணி சூப்பைக் குடித்திருக்கிறார். சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒரு வாரம் கழித்துத் தலைமுடி கொட்டத் தொடங்கியது. இன்னொருவருக்குச் சாப்பிட்டு மூன்று வாரம் கழித்து அதே நிலை. ஆகவே சமைப்பதற்கு முன் பச்சைத் துண்டு ஒன்றை, நகக்கண் அளவு போதும், நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். இதற்கு ஐந்து விநாடி ஆகும். வீட்டில் எடுத்து வைத்த விதையில் விளைந்தது என்றால் ஒவ்வொரு காயையும் இப்படிப் பாருங்கள். சாப்பிட்ட பிறகு வாந்தி, பேதி வந்தால் மருத்துவரிடம் ‘கசந்தது’ என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, வெந்த தானியத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போவது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மணமும் மாறாது, ருசியும் மாறாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் மூன்று, நான்கு நாள் பயமின்றிச் சாப்பிடலாம். மசித்த பூசணியைப் பாட்டிலில் அடைத்து வெளியே வைப்பதும் வேண்டாம். அது கெட்டியாக இருப்பதால் நடுப்பகுதிவரை சூடு சீராகப் போகாது, போட்டுலிசம் என்ற உயிராபத்தான நோயைத் தரும் நச்சுக்கு இடம் கொடுக்கும். உறைய வைப்பதே சரி.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மேலே சொன்ன ‘பாதிக்குப் பாதி’யை அப்படியே பின்பற்ற வேண்டாம். அவர்கள் பொட்டாசியத்தில் கவனமாக இருக்க வேண்டியிருக்கும்; ஒரு கப் பட்டர்நட்டில் சுமார் 580 மில்லிகிராம் பொட்டாசியம், ஏகார்னில் 900ஐ ஒட்டி. உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். சீலியாக் நோய், அதாவது குளூட்டன் என்ற தானியப் புரதம் குடலைப் பாதிக்கும் நோய், உள்ளவர்களுக்குக் கோதுமை, பார்லி, ரை மூன்றும் கூடாது.

ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் காமாலை என்று பதறி ஓடி வந்தார். உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கு நுனி எல்லாம் மஞ்சள். நான் முதலில் பார்த்தது கண்ணை. வெள்ளை விழி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. இரண்டு மாதமாகத் தினமும் பூசணி மசியல் கொடுத்திருக்கிறார். கரோட்டின் தோலில் தங்கிய நிறம் அது. குறைத்துக்கொண்டால் சில வாரங்களில் போய்விடும், கெடுதல் இல்லை. கண்ணும் மஞ்சளாக இருந்தால் அது வேறு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்தப் பெரியவர் போன வாரம் வந்தார். அதே தாள்தான், ஆனால் பின்பக்கம் திருப்பியிருந்தார். பார்லியும் பூசணியும் சாப்பிட்ட நாட்கள், அதற்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டர் காட்டிய எண்கள், எல்லாம் பென்சிலில் கட்டம் போட்டு எழுதியிருந்தார். நான்கு நாட்களில் மூன்று நாள் நன்றாக இருந்தது. நான்காவது நாள் எண் எகிறியிருந்தது. அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பார்லியை ஊற வைக்க மறந்து, பதிலுக்கு ஒரு கப் வெள்ளைச் சோறு சாப்பிட்டாராம், பூசணியைக் குறைக்காமல். “ஊறவைக்கிற பாத்திரத்தை இனிமே ராத்திரி மாத்திரை டப்பா பக்கத்துலயே வச்சுடறேம்மா” என்றார்.