ஊசி படாத கட்டி

மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் முற்றிப் பரவிவிட்டால், தோலிலும் அதற்கடியிலும் அங்கங்கே முண்டு முண்டாகக் கட்டிகள் கிளம்பும். அவற்றில் சிலவற்றில் மட்டும் மருத்துவர் ஊசி போடுகிறார். துளை ஒன்றுதான். ஊசியை முழுக்க உருவாமல், விசிறி விரிப்பதுபோல் பல பக்கமும் சாய்த்துச் சாய்த்து மருந்தைப் பாய்ச்சுகிறார். மருந்து என்று சொல்கிறோம். உள்ளே இருப்பது உயிருள்ள வைரஸ். உதட்டோரத்தில் கொப்புளம் போடுமே, அந்த ஹெர்பிஸ் வைரஸின் திருத்திய வடிவம். பெயர் டி-வெக்.

அதன் ஒரு மரபணுவை நீக்கியதால், நல்ல செல்லின் தற்காப்பை அதனால் மீற முடியாது. பல புற்றுச் செல்களில் அந்தத் தற்காப்பு பழுதாகிக் கிடக்கிறது. அங்கே வைரஸ் பெருகிச் செல்லை உடைக்கும். கூடவே, ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற புரதத்தைச் சுரக்கும் மரபணுவையும் செருகியிருக்கிறார்கள். அந்தப் புரதம், உடம்பின் நோய் எதிர்ப்புப் படையில் உளவாளிகள் போன்ற டென்ட்ரிட்டிக் செல்களை அழைக்கும். அவை உடைந்த புற்றுத் துணுக்குகளை அள்ளிப்போய் நிணநீர்க் கணுக்களில், அந்தப் படையின் தாக்கும் வீரர்களான டி-செல்களுக்கு அடையாளம் காட்டும். அடையாளம் தெரிந்த டி-செல்கள் உடம்பெங்கும் தேடிக் கிளம்பும். கணக்கு அப்படித்தான்.

கணக்கு பலித்ததா? ஊசி போட்ட கட்டி கரைவது எனக்குப் பெரிய வியப்பில்லை. ஊசி படாததைத்தான் பார்க்க வேண்டும். 436 பேரை வைத்து நடந்த 3-ஆம் கட்டச் சோதனையில் ஒரு பிரிவுக்கு டி-வெக், இன்னொரு பிரிவுக்கு வைரஸ் இல்லாமல் வெறும் ஜிஎம்-சிஎஸ்எஃப். ஆறு மாதமாவது நிலைத்த பலன் முதல் பிரிவில் 16.3 சதவீதம் பேருக்கு, மற்றதில் 2.1 சதவீதம் பேருக்கு. ஊசி போட்ட கட்டிகளில் 64 சதவீதம் பாதியளவோ அதற்கு மேலோ சுருங்கின. ஊசி படாத தோல், நிணநீர்க் கட்டிகளில் 34 சதவீதம். ஈரல், நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளில் 15 சதவீதம்தான். தொலைவு கூடக்கூட வேகம் குறைகிறது.

அளப்பதிலும் ஒரு சிக்கல். சில கட்டிகள் முதலில் பெருத்துவிட்டுப் பிறகுதான் வாடும். அதனால் நோய் வளர்வதுபோலத் தெரிந்தாலும் சிகிச்சையை உடனே நிறுத்தாமல் தொடர விதி வகுத்திருந்தார்கள்.

2015-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அடுத்து, டி-செல்களின் பிரேக்கை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 21 பேரிடம் செய்த முதல் சோதனையில் 62 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு 692 பேரிடம், பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது, வைரஸ் சேர்த்ததால் தெளிவான கூடுதல் பலன் தெரியவில்லை.