பிரேக்: அலை உடையும் இடத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

பழக்கமில்லாத கடற்கரை ஊரில் போய் இறங்கி, ‘இங்கே நல்ல பீச் எது?’ என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளை மணலும் குளம் மாதிரி கிடக்கும் தண்ணீருமாக ஓர் இடத்துக்குக் கைகாட்டுவார்கள். குளிக்க அருமையான இடம்தான், ஆனால் அலைச்சறுக்குப் பலகையோடு போனவருக்கு அங்கே வேலையே இல்லை. சறுக்குபவர்கள் தங்களுக்குள் பீச் எங்கே என்று கேட்பதில்லை. ‘பிரேக் எங்கே?’ என்றுதான் கேட்பார்கள்.

தமிழ்க் காதுக்கு பிரேக் என்றால் காலால் மிதிப்பது. இது வேறு சொல். உடைதல் என்று பொருள். அலை எழும்பி, மடிந்து, நுரையாக உடையும் இடத்துக்கே அந்த வினை பெயராகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மிதிக்கிற பிரேக்கை வைத்தும் இதை விளக்கலாம். கரையை நெருங்கும் அலையின் வேகத்தை ஆழம் குறைந்த தரை தடுக்கிறது. பேருந்து சட்டென்று நிற்கும்போது நின்றுகொண்டிருப்பவர் முன்னால் சாய்வதைப் போல, அடி தயங்கத் தலை முந்திக்கொண்டு கவிழ்கிறது. ஏறக்குறைய 1 மீட்டர் உயர அலை 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, அலை எங்கே உடையும் என்பதைக் கடலடித் தரைதான் தீர்மானிக்கிறது.

அலைச்சறுக்கை ஆங்கிலத்தில் சர்ஃபிங் என்பார்கள். அதிலுள்ள சர்ஃப் என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது இந்தியக் கரையில் மோதும் அலையைக் குறித்துத்தான் முதலில் புழங்கியது. எந்த மொழியிலிருந்து வந்தது என்பதில் அகராதிக்காரர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இந்த விளையாட்டுக்குப் பேர்போன ஹவாய்த் தீவுகளிலோ அதன் பெயர் ‘ஹேஎ நலு’. ஹேஎ என்றால் சறுக்குதல், நலு என்றால் அலை. நம் பத்திரிகைகள் எழுதும் ‘அலைச்சறுக்கு’ ஆங்கிலத்தைவிட ஹவாய்ச் சொல்லோடு அச்சாகப் பொருந்துகிறது. அதை மாற்ற வேண்டியதில்லை. சிலர் எழுதும் ‘நீர்ச்சறுக்கு’ மட்டும் வேண்டாம். அது படகு இழுத்துப்போகும் வேறு விளையாட்டு.

சரி, பிரேக்குக்கு என்ன? ‘உடைப்பு’ என்று நேராக வைத்தால் ஏரிக்கரை உடைந்த செய்தி மாதிரி இருக்கிறது. பழைய சொல் ஒன்று கைவசம் இருக்கிறது: உடைதிரை. குறுந்தொகையில் பெருங்கடலின் உடைதிரை ஒலியில் வெண்குருகுகள் கூடித் தூங்குகின்றன. திரை என்றால் அலை, தோல் சுருக்கம் என இரண்டும் உண்டு. சுருண்டு மடிகிற எதற்கும் பொருந்தும் சொல். உடைகிற அலைக்கு உடைதிரை, அது உடையும் இடத்துக்கு ‘அலைத்துறை’ என்று வைக்கலாம் என்பது என் கட்சி. துறை என்றால் நீரில் இறங்கும் இடம்; பலகையோடு இறங்கவும் அதுதானே வேண்டும்?

அலைத்துறையில் மூன்று வகை சொல்வார்கள். பீச் பிரேக் என்பது மணல்துறை. அடியில் மணல்திட்டு நகர்ந்துகொண்டே இருப்பதால் போன மாதம் நன்றாக இருந்த இடம் இந்த மாதம் வீணாகலாம். பிரான்சின் ஒசெகோர் இந்த வகை. பாயின்ட் பிரேக் முனைத்துறை: கடலுக்குள் நீண்ட நிலமுனையைச் சுற்றி அலை ஒரு பக்கமிருந்து வரிசையாக உடைந்துகொண்டே வரும். தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரீஸ் பேயில் அப்படித்தான். ரீஃப் பிரேக்குக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். கடலடிப் பாறைத்திட்டை மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். முத்துச்சிப்பி விளையும் இடத்தைச் சொல்லும் முத்துப்பார் என்ற சொல்லில் இருக்கும் அதே பார். பார்த்துறை என்றால் முடிந்தது. ஹவாயின் பைப்லைன் பார்த்துறை. அங்கே விழுந்தால் கீழே பாறைதான், புதியவர்களுக்கு அது இடமில்லை.

இதெல்லாம் தெரிந்தால் தேடுவது எளிது. முதலில் வரைபடத்தை விரித்து, தொலைவிலிருந்து அலை வரும் திசையைக் கரை நேராகப் பார்க்கிறதா, நடுவில் தீவு ஏதும் மறைக்கிறதா என்று பாருங்கள். நிலமுனைகளையும் ஆற்று முகங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் விடியற்காலையில் ஏதாவது மேட்டில் ஏறி அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் நிலக்காற்று கடலை நோக்கி வீசும். அலையின் முகம் கலையாமல் நிற்கும். வெண்கோடு ஒரு முனையில் தொடங்கிப் பக்கவாட்டில் ஓடினால் சறுக்கலாம். முழுக்கோடும் ஒரே நேரத்தில் தொப்பென்று விழுந்தால் வேறு இடம் பாருங்கள். நீர் ஏறும்போதும் வற்றும்போதும் அதே இடம் வேறு ஆளாக மாறும், ஆகவே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவுகட்ட வேண்டாம்.

நுரைக்கு நடுவே கருத்த, அலை உடையாத ஒரு பட்டை தெரிந்தால் அமைதியான இடம் என்று நினைத்துவிடாதீர்கள். கரையில் குவிந்த நீர் கடலுக்குத் திரும்பும் இழுவை நீரோட்டம் பெரும்பாலும் அப்படித்தான் தெரியும்.

உள்ளூரில் கேட்பதானால் மீன்பிடிப்பவர்களிடம் கேளுங்கள், ஆனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: ‘படகை எங்கே இறக்கவே மாட்டீர்கள்?’ அவர்கள் ஒதுக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் அலை உடையும். ஏன் ஒதுக்குகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.