வாக்குச்சீட்டில் நீதிபதிகள் பகுதியைக் காலியாக விட்டுவிடாதீர்கள்

2022 தீபாவளி சமயம், ஃப்ரீமான்ட்டில் ஒரு நண்பர் வீட்டில் சாப்பிட்டு முடித்தபின் தபாலில் வந்த வாக்குச்சீட்டுகளை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். ஆளுநர் பதவிக்கு யார், பள்ளி வாரியத்துக்கு யார் என்று ஒரே வாக்குவாதம். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நான்கு பேரின் பெயர்களைப் போட்டு, இவர்கள் பதவியில் நீடிக்கலாமா என்று கேட்டிருந்த பகுதி வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்கதானே வக்கீல், இவங்கெல்லாம் யாரு? காலியா விட்டுடலாமா?" என்றார் ஒருவர். இருபது வருடமாக இங்கே இருக்கிறவர், குடியுரிமை வாங்கியதிலிருந்து ஒரு தேர்தலைக்கூடத் தவறவிடாதவர்.

அதே மனிதருக்கு அதற்கு இரண்டு வருடம் முன்பு என்ன நடந்தது தெரியுமா? வேலை மாறினார். பழைய நிறுவனத்திடமிருந்து, ஒரு வருடத்துக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று மிரட்டல் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டிருக்கிறோமே, போச்சே என்று இரவு பதினோரு மணிக்கு என்னை அழைத்தார். இந்த மாநிலத்தில் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது, 1872 முதலே சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் 'சின்னக் கட்டுப்பாடு என்றால் பரவாயில்லை' என்று சில நீதிமன்றங்கள் விட்டிருந்த ஓட்டையை 2008இல் எட்வர்ட்ஸ் வழக்கில் முழுசாக அடைத்தது கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம். நான் எழுதிய பதில் கடிதம் அந்தத் தீர்ப்பை வைத்துத்தான். அதோடு அந்த விவகாரம் முடிந்தது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரை நம் ஆட்கள் பெயரோடு அறிவார்கள். ஆனால் வேலை, வாடகை, விவாகரத்து, உயில், கார் விபத்து என்று என்னிடம் வருகிற வழக்குகளில் பெரும்பாலானவை மாநிலச் சட்டத்தில்தான் நிற்கின்றன. மாநிலச் சட்டத்துக்கு என்ன பொருள் என்று சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிற ஏழு பேர் சொன்னால் சொன்னதுதான். கூட்டாட்சிச் சட்டமோ அமெரிக்க அரசியலமைப்போ குறுக்கே வந்தால் ஒழிய வாஷிங்டனுக்குப் போய்ப் பயனில்லை.

சரி, அந்த ஏழு பேர் எப்படி வருகிறார்கள்? ஆளுநர் பெயரை முன்மொழிகிறார். (இங்கே ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம்மூர் மாதிரி டெல்லியிலிருந்து வருபவர் இல்லை.) நீதிபதி ஆகப்போகிறவர் பத்து வருடம் இந்த மாநில வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ இருந்திருக்க வேண்டும். ஆளுநர் பரிசீலிக்கும் பெயர்களை வழக்கறிஞர் கழகத்தின் மதிப்பீட்டுக் குழு 90 நாட்கள் வரை அலசும். அந்த நபரோடு வேலை செய்தவர்கள், அவரை எதிர்த்து வாதாடியவர்கள் எல்லோருக்கும் ரகசியப் படிவம் போகும். அவர் பொறுமைசாலியா, நேர்மையானவரா, கோபக்காரரா, எதிர்த்தரப்பு வக்கீலை மரியாதையாக நடத்துவாரா என்றெல்லாம் எழுதித் தர வேண்டும். எனக்கும் இப்படிப் படிவங்கள் வந்ததுண்டு, யாரைப் பற்றி என்று வெளியே சொல்லக்கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரு முழு மாலை அதற்குப் போகும். போகட்டும், அது அவ்வளவு முக்கியம் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் தலைமை நீதிபதி, மாநில அட்டர்னி ஜெனரல், மேல்முறையீட்டு நீதிமன்ற மூத்த நீதிபதி என மூவர் குழு பகிரங்க விசாரணை வைத்து உறுதி செய்யும்.

அந்த ஏழு பேரில் ஒருவரான பட்ரீசியா கெரேரோவை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ எல்லையை ஒட்டிய இம்பீரியல் பள்ளத்தாக்கு என்ற விவசாயப் பகுதியில் வளர்ந்தவர், பெற்றோர் மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்கள். பெர்க்லியில் பட்டம், 1997இல் ஸ்டான்ஃபோர்டில் சட்டப் படிப்பு, பெரிய சட்ட நிறுவனத்தில் வேலை, நடுவில் கொஞ்ச காலம் அரசுத் தரப்பு வழக்கறிஞர். 2013இல் சான் டியேகோ விசாரணை நீதிமன்றம், 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 2023 ஜனவரியில் தலைமை நீதிபதி. எல்லோரும் இப்படிப் படிப்படியாக ஏறி வருவதில்லை. குட்வின் லியூ பெர்க்லியில் சட்டப் பேராசிரியராக இருந்தவர், இந்த நீதிமன்றத்துக்கு வருமுன் நீதிபதியாக ஒருநாள்கூட இருந்ததில்லை. ஒபாமா அவரைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தபோது செனட்டில் முட்டுக்கட்டை போட்டார்கள். 2011இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் இங்கே கொண்டுவந்துவிட்டார். என்னைக் கேட்டால் இரண்டு வகையும் வேண்டும். விசாரணை நீதிமன்றத்தில் சாட்சியின் முகத்தைப் பார்த்தவர்கள் மட்டுமே ஏழு பேரும் என்றால் சட்டத்தின் அடிப்படையைத் தோண்டிக் கேட்க ஆள் இருக்காது.

நியமனத்தோடு முடிவதில்லை, அப்புறம்தான் நம் முறை. அடுத்த ஆளுநர் தேர்தலில் அந்த நீதிபதியின் பெயர் வாக்குச்சீட்டில் வரும். எதிர்த்து யாரும் நிற்பதில்லை. இவர் நீடிக்கலாமா, ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். முழுப் பதவிக்காலம் 12 வருடம். 1934இல் வந்த இந்த முறையில் ஐம்பது வருடத்துக்கும் மேல் யாரும் தோற்கவில்லை. 1986இல் ஒரே நாளில் மூன்று பேர் தோற்றார்கள்: முதல் பெண் தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட், க்ரூஸ் ரெய்னோசோ, ஜோசப் க்ரோடின். பேர்ட் தன்னிடம் வந்த மரண தண்டனை ஒவ்வொன்றையும் ரத்து செய்யவே வாக்களித்தவர், அதை வைத்துப் பெரிய பிரசாரம் நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு அவருக்கு எதிராக விழுந்தது. அந்த மூன்று இடங்களையும் நிரப்பியவர் அவர்களை எதிர்த்துப் பேசிய ஆளுநர் டுக்மேஜியன். நீதிமன்றத்தின் போக்கே மாறியது. அந்த நீதிபதிகளைப் பிடிக்காதவர்கள் அந்தக் கட்டத்தைத் தேடி நிரப்பினார்கள்.

காலியாக விட்ட கட்டம் எந்தப் பக்கமும் எண்ணப்படாது. 'இல்லை' என்று போட்டவர் மட்டும் அக்கறையோடு வந்தால் அவர் கைதான் ஓங்கும்.

2026 நவம்பரில் மறுபடி ஆளுநர் தேர்தல், கூடவே நீதிபதிகளும். மாநிலம் அனுப்பும் வாக்காளர் கையேட்டில் அவர்களைப் பற்றிய குறிப்பு இருக்கும். தீர்ப்புகள் நீதிமன்ற இணையதளத்தில் இலவசம். எல்லாம் படிக்க வேண்டாம், உங்கள் வேலையைத் தொட்டது ஒன்று போதும். ஒப்பந்த முறையில் வேலை பார்ப்பவர் என்றால் யார் ஊழியர், யார் ஒப்பந்ததாரர் என்று சொன்ன 2018இன் டைனமெக்ஸ் தீர்ப்பிலிருந்து ஆரம்பியுங்கள். அன்று ஃப்ரீமான்ட்டில் எட்வர்ட்ஸ் தீர்ப்பைத் திறந்து காட்டினேன். நண்பர் உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான்கு பெயருக்கும் அவர் பேனா வைத்தபோது மணி பத்தரை.